தனுஷ்கோடி: பெயர் எழுதி வைக்கப்படாத ஊர்

 

அல்லாஹ்வின் அருளால் நமது ஜமாஅத்தின் ஆண்டறிக்கை மலர் இவ்வாண்டும் தங்கள் கரங்களில் தவழ்கிறது. இம்மலரில் வழக்கமாக மார்க்க விளக்கக் கட்டுரை எழுதி வரும் எளியேனை, இம்முறை வரலாறு பற்றி எழுதித் தருமாறு நிர்வாகத்தார் கேட்டுக்கொண்டனர். எதை எழுதுவது என்ற சிந்தனையில் இருந்தபோது, ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலின் வெளித் திண்ணைக்கு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆலிம்சா, எங்க வாப்பாவுக்கு எந்தத் தேதியில யாசீன் ஓதுறது? இத்தனை வருசமா பராஅத்துக்கு மறுநாள், மூணாம்நாள்னு தோராயமாத்தான் ஓதிக்கிட்டு வாறோம். நான் மவுத்தாகுறதுக்கு முன்னாடி ஒரு தேதி தெரிஞ்சா நல்லா இருக்கும்."

அந்த அம்மையாரின் தந்தை தனுஷ்கோடியில் கப்பல் துறையருகே சிறு கடை வைத்திருந்தவர். 1964ஆம் ஆண்டு பராஅத் இரவுக்காக ஊருக்கு வந்தவர், "நோன்புக்கு முன்னால் கணக்கை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று கூறி, டிசம்பர் 22ஆம் நாள் செவ்வாய்க்கிழமை புறப்பட்டுச் சென்றார். பாம்பன் நிலையம் வரை உடன் சென்ற நம்மூர்க்காரர் ஒருவர், நடைமேடையில் சலாம் சொல்லிப் பிரிந்ததோடு சரி. அதன்பின் அவரைக் கண்டவர் எவருமில்லை. அப்போது இந்த அம்மையாருக்கு 9 வயது.

அவருடைய கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வில்லின் முனையில் ஓர் ஊர்

பாம்பன் தீவு என்றும் இராமேஸ்வரம் தீவு என்றும் அழைக்கப்படும் நிலப்பகுதி, தென்கிழக்கே செல்லச் செல்ல ஒடுங்கி, ஒரு மணல் நாக்காக நீண்டு முடிகிறது. அந்த நாக்கின் ஓரத்தில், இராமேஸ்வரம் நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருந்தது தனுஷ்கோடி. வில்லின் முனை என்பது அப்பெயரின் பொருள். வடபுறம் அலையடங்கிய கடல். தென்புறம் அலையெறியும் கடல். அவ்வூர் மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் வழங்குவர்.

அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இடையே கிடக்கும் மணல் திட்டுகளின் வரிசையை இந்துப் பெருமக்கள் இராமர் சேது என்று போற்றுகின்றனர். இலங்கையில் இறங்கியதாக நம்பப்படும் ஆதம் (அலை) அவர்களின் பெயரால் அதனை ஆதம் பாலம் என்று வழங்குவதும் உண்டு. இரு சமூகத்தாரும் தத்தம் மரபின் வழியே உரிமையோடு பார்த்த இடம் அது.

ஆங்கிலேயர் காலத்தில், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் முதலில் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து நெடுந்தூரம் கப்பலில் செல்ல வேண்டியிருந்தது. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் இந்நிலை மாறியது. ரயில் கடலைக் கடந்து தனுஷ்கோடித் துறை வரை சென்றது. அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். மறுகரையில் தலைமன்னாரில் கொழும்பு ரயில் காத்திருக்கும். சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்லலாம். 'போட் மெயில்' என்று நம் பாட்டனார்கள் பெருமையோடு குறிப்பிட்ட வண்டி இதுவே. இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர்களை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம் மஹல்லாவில் இருக்கின்றனர்.

இக்காலத்தார் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்று பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றதே முக்கியப் பாதை. இராமேஸ்வரத்துக்குச் சென்றது கிளைப் பாதை. இன்று தீவின் தலையாக விளங்கும் நகர் அன்று கிளையாகவும், இன்று மணலாகக் கிடக்கும் ஊர் அன்று வாயிலாகவும் இருந்தன.

தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகங்கள், தபால் தந்தி நிலையம், ரயில்வே மருத்துவமனை, ஊராட்சி ஒன்றிய மருந்தகம், தொடக்கப் பள்ளி, மாதா கோயில் ஆகியவை இருந்தன. வணிகர்களும், தோட்ட வேலைக்குச் சென்ற ஏழைத் தொழிலாளர்களும், புனித யாத்திரை வந்தவர்களும் இவ்வூரின் வழியே கடந்தனர். நம் மாவட்டத்து முஸ்லிம்கள் பலருக்கு இலங்கை என்பது வெளிநாடாகத் தோன்றியதில்லை. இரவு ஏறினால் மறுநாள் கடை திறக்கும் தூரமாகவே இருந்தது.

மறைந்த குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்வும் இவ்வூரோடு பின்னிப் பிணைந்ததாகும். அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன் மரைக்காயர், இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு ஒன்றைக் கட்டினார்கள். பள்ளிவாசலில் தொழுகை நடத்திய அப்பெரியார், இந்து யாத்ரீகர்களைப் புனித நீராடலுக்கு அழைத்துச் செல்வதைத் தம் தொழிலாகக் கொண்டிருந்தார்கள் என்பது நெஞ்சில் நிறுத்தத் தக்கது. அப்படகையும் ஒரு புயல் கொண்டு சென்றதாகக் கலாம் அவர்கள் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் இராமேஸ்வரத்தில் நிற்காமல் போனபோது, இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து நாளிதழ்க் கட்டுகள் வெளியே வீசப்பட்டன. அவற்றைப் பிடித்து உதவியதற்குக் கிடைத்ததே சிறுவர் கலாமின் முதல் சம்பாத்தியம்.

ஓர் இரவின் நிகழ்வு

1964 டிசம்பர் 17ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாயிற்று. அது புயலாக வலுப்பெற்று, மேற்கு நோக்கி நகர்ந்து, 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்று நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. ஹிஜ்ரி 1384, ஷஃபான் மாதம். நோன்பு பிறக்க இரு வாரம்கூட இல்லை. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 7 மீட்டர் உயர அலைகள் எழுந்தன. அவ்வூரின் நிலமோ கடல் மட்டத்தை விடச் சற்றே உயர்ந்த மணல். இரு புறமும் கடல் சூழ்ந்த அவ்விடத்தில் ஓடி ஒளிய மேடு இல்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் கடலே இருந்தது.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் எண் பயணிகள் வண்டி புறப்பட்டது. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் 5 பேர் என்பது பதிவான கணக்கு. தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கெஜம் முன்னால், கைகாட்டி வேலை செய்யாததால் வண்டி நின்றது. எங்கும் காரிருள். நெடுநேரம் காத்திருந்த ஓட்டுநர், ஊதல் ஒலித்துவிட்டு மெல்ல வண்டியை நகர்த்தியபோது, பேரலை ஒன்று எழுந்து வண்டி முழுவதையும் மூடியது என்பதே பொதுவாக அறியப்பட்ட செய்தி. வண்டியில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். சீட்டு வாங்காமல் ஏறியோரையும் சேர்த்தால் எண்ணிக்கை 200ஐ நெருங்கும் என்று கூறுவோரும் உண்டு.

ஊரிலிருந்த கட்டடங்கள் சிதைந்தன. இப்புயலில் உயிர் நீத்தோர் 1,800 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் எண்ணிக்கை. பின்னர் சென்னை மாநில அரசு, தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. ஐம்பது ஆண்டுகள் கடல் கடந்தோரை வழியனுப்பிய ஊர், ஓர் இரவில் வழக்கொழிந்தது. கப்பல் போக்குவரத்து இராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டு, 1980களில் இலங்கையில் மூண்ட போரோடு அதுவும் நின்றது.

இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். அப்புயலுக்கு இரு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன், 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று அதில் முடிவாயிற்று. அவர்களின் முன்னோர் எந்தத் துறையின் வழியே கடல் கடந்தார்களோ, அந்தத் துறை அவர்கள் திரும்பி வந்தபோது இல்லை.

எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

அதே புயல் பாம்பன் பாலத்தையும் தாக்கியது. அதன் 145 கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. பழுது நீக்க முதலில் ஆறு மாதங்களும், பின்னர் மூன்று மாதங்களும் தவணை குறிக்கப்பட்டன. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், 46 நாட்களில் அப்பணியை முடித்துக் காட்டினார். கடலடியில் கிடந்த கர்டர்கள் மீனவர்களின் உதவியோடு கண்டெடுக்கப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டன. இது இந்நாட்டின் பொறியியல் வரலாற்றில் பெருமைக்குரிய நிகழ்வு; அதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பாலத்தின் கர்டர்களில் எத்தனை போயின, எத்தனை நின்றன என்பதை ஒன்று பிசகாமல் நம்மால் சொல்ல முடிகிறது. ரயிலில் இருந்த மனிதர்களை அவ்வாறு சொல்ல முடியவில்லை. இதில் எவர் மீதும் குறை காண்பது என் நோக்கமன்று. அக்காலத்துப் பயணச்சீட்டு என்பது சிறு அட்டை. அதில் எண் இருக்கும், ஊர் இருக்கும், கட்டணம் இருக்கும்; பயணியின் பெயர் இராது. ஆகவே எத்தனை சீட்டுகள் விற்றன என்று சொல்லலாம்; யார் யார் ஏறினார்கள் என்று சீட்டைக் கொண்டு சொல்ல இயலாது. வீட்டாரும் ஊராரும் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

நம் மூதாட்டியின் தந்தை அந்த வண்டியில் ஏறினாரா? மழையைக் கண்டு பாம்பனிலேயே தங்கி, மறுநாள் வேறு வழியில் சென்று அகப்பட்டாரா? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்குடும்பம் இக்கேள்விகளோடு வாழ்ந்து வருகிறது.

காணாமற் போனவரின் சட்டம்

மார்க்கச் சட்ட நூல்களில் 'மஃப்கூத்' என்று ஒரு பாடம் உண்டு. உயிரோடு இருக்கிறாரா இறந்தாரா என்று அறியப்படாமல் மறைந்து போனவரைப் பற்றிய பாடம் அது. மதரஸாவில் ஓதிய காலத்தில் அப்பாடத்தை விரைந்து கடந்து சென்றோம். எங்கோ பாலைவனத்தில் ஒட்டகக் கூட்டத்தோடு சென்றவருக்கான சட்டம் என்றே எண்ணியிருந்தேன். அது நம் தெருவில் வாழும் ஒரு வீட்டின் கதை என்பதை அந்த அம்மையார் சொன்னபோதுதான் உணர்ந்தேன்.

இச்சட்டத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காணாமற் போனவரின் வயதொத்தவர்கள் மறையும் காலம் வரை அவரை உயிரோடு இருப்பவராகவே கருத வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாடு. அதுவரை மனைவி மனைவியே, சொத்தும் அவருடையதே. மாலிக்கி மத்ஹபில், மனைவி காளியிடம் முறையிட்டு, நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின் கணவனை இழந்தவளுக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து விடுபடலாம். இந்தியாவில் பெண்கள் படும் துயரைக் கண்டு, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) போன்ற ஹனஃபி அறிஞர்களே இவ்விஷயத்தில் மாலிக்கி தீர்ப்பை ஏற்கலாம் என்று வழிகாட்டினார்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும், கணவன் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமற் போனால் மனைவி நீதிமன்றத்தை அணுகலாம் என்று இடம்பெற்றது. மரணத்தைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டுகள் தகவலில்லாதவரை இறந்தவராக ஊகிக்க இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழாண்டுக் கணக்கு நீடிக்கிறது.

சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அக்குடும்பத்தில் நடந்தது என்ன? அந்த அம்மையாரின் உம்மா, இத்தா இருப்பதா வேண்டாமா என்று அறியாமல் ஆண்டுகளைக் கழித்தார்கள். இத்தா இருந்தால் கணவர் இறந்துவிட்டார் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சம். "கொழும்பில் பார்த்தேன்" என்று எவரோ ஒருவர் சொன்ன பொய்ச் செய்தியை நம்பி மூன்று ஆண்டுகள். வீட்டில் பாகம் பிரிக்க முடியாமல் சகோதரர்களிடையே மனத்தாங்கல். வாசற்கதவை இரவில் தாழிடாமல் வைத்திருந்தார்கள் என்று அம்மையார் சொன்னார். இவ்வளவுக்கும் காரணம், ஒரு பெயர் ஒரு தாளில் எழுதப்படாமல் போனதுதான்.

அந்த மணலில்

எளியேன் மதரஸா மாணவனாக இருந்தபோது, சக மாணவர்களோடு ஒருமுறை தனுஷ்கோடி சென்றிருக்கிறேன். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் வேனில் ஏறி, மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் குலுங்கிக் குலுங்கிச் செல்ல வேண்டும். இளமையின் விளையாட்டில் அந்த இடிபாடுகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அந்த அம்மையார் தம் வாழ்வில் ஒருமுறைகூட அங்கே சென்றதில்லை. "உம்மா இருக்கும் வரை அந்தப் பேரையே எடுக்க விடமாட்டாங்க" என்றார். அவர் விருப்பப்படி, அவருடைய மகனும் பேரனும் நிர்வாகிகள் இருவரும் எளியேனும் ஒரு வேனில் புறப்பட்டோம். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் செல்லும்போது, வடபுறம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் தெரிந்தது. 1914ஆம் ஆண்டின் பழைய பாலத்தில் 2022 டிசம்பர் 23ஆம் நாளோடு ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தனுஷ்கோடி அழிந்த அதே தேதி என்பதை எண்ணிப் பார்த்தேன்.

பேய்க்கரும்பில் கலாம் அவர்களின் நினைவிடத்தில் சற்று நின்று துஆச் செய்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தோம். 2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை உண்டு. இரு பக்கமும் கடல், நடுவே கோடு போட்டாற்போல் சாலை.

இடிபாடுகளின் அருகே இறங்கினோம். பவளப் பாறைக் கற்களால் கட்டிய மாதா கோயிலின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. ரயில் நிலையத்தின் எச்சங்களும், தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் மணலில் புதைந்தும் புதையாமலும் கிடக்கின்றன. சங்கும் சிப்பியும் விற்கும் கடைகள், வறுத்த மீன் விற்கும் குடிசைகள், படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர் கூட்டம். அரசு கைவிட்ட ஊரை மீனவக் குடும்பங்கள் கைவிடவில்லை; ஓலைக் குடிசைகளில் இன்றும் வாழ்கின்றனர். மீனவப் பெண்மணி ஒருவர் மணலைக் கையால் தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் நீர் மொண்டு எங்களுக்குக் கொடுத்தார். இரு புறமும் உப்புக் கடல். நடுவில் அந்த நீர் இனித்தது. அம்மையார் அதை வாங்கி பிஸ்மி சொல்லிக் குடித்துவிட்டு, "வாப்பா இந்தத் தண்ணியைத்தானே குடிச்சிருப்பாங்க" என்றார்.

அங்கே வந்திருந்த ஒருவர், "பாவம் செய்த ஊர், அதனால்தான் அழிந்தது" என்று தம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. அம்மையாரின் முகம் வாடியது. இவ்விடத்தில் எளியேன் ஜமாஅத்தாருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. அந்த அழைப்பைக் காரணம் காட்டி, சோதனைக்குள்ளான எளிய மக்கள் மீது பாவப் பட்டம் சூட்ட நமக்கு எந்த உரிமையும் இல்லை. தனுஷ்கோடியில் மாண்டவர்கள் சுங்கச் சிப்பந்திகள், சுமை தூக்கியோர், மீனவர்கள், பயணிகள், அவர்களின் பெண்டு பிள்ளைகள். நீரில் மூழ்கி இறந்தோரை ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதனை அம்மையாரிடம் சொன்னேன். சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சுவர்களின் ஊடே நடந்தபோது என் கண்கள் ஒன்றைத் தேடின. சுற்றுலா வந்தோர் கரியாலும் ஆணியாலும் கிறுக்கிய பெயர்கள் எங்கும் தென்பட்டன. அங்கே வாழ்ந்தவர் ஒருவரின் பெயரைக்கூட அச்சுவர்களில் நான் காணவில்லை.

மாலை 6 மணிக்கு மேல் அங்கே தங்க அனுமதியில்லை. கடல் மணலில் அஸர் தொழுதுவிட்டு, பொழுது சாயும் முன் திரும்பினோம்.

நமக்கு இதில் உள்ள படிப்பினை

ஊர் திரும்பிய மறுநாள், நிர்வாகத்தாரின் அனுமதியோடு நம் பள்ளிவாசலின் பழைய மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். நிக்காஹ் தஃப்தர்கள் ஓரளவு பாதுகாப்பாக உள்ளன. வரவு செலவுப் பேரேடுகள் அணா, பைசா பிசகாமல் எழுதப்பட்டுள்ளன. விளக்கெண்ணெய் வாங்கிய கணக்கும், பாய் வாங்கிய கணக்கும் உண்டு. மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டோரின் பதிவேடோ இடையிடையே பல ஆண்டுகள் எழுதப்படாமல் வெறுமையாக இருக்கிறது. வெளியூரிலும் கடலிலும் வெளிநாட்டிலும் இறந்தவர்களுக்கு அதில் இடமே ஒதுக்கப்படவில்லை.

பாலத்தை எண்ணி மனிதர்களை எண்ணாமல் விட்ட உலகைப் பற்றி மேலே எழுதினேன். பாயை எண்ணி மையித்தை எண்ணாமல் விட்டவர்கள் நாமும்தான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்று பிறப்பும் இறப்பும் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் 21 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். அது அவசியம். ஆயினும் அரசின் ஏடு ஒரு மரணத்தை எழுதும். இன்ன வீட்டின் மகன், இன்னாரின் தகப்பன், இன்ன நாளில் ஊரை விட்டுப் புறப்பட்டார், கடைசியாக இன்னார் கண்டார் என்பதை ஜமாஅத்தே எழுத வேண்டும். அன்று நம்மவர் தனுஷ்கோடிக்கும் கொழும்புக்கும் சென்றனர். இன்று நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்கின்றனர். சிலர் மீன்பிடிக் கப்பல்களில் பணிபுரிகின்றனர். அவர்கள் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில், எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்பது பல வீடுகளில் ஒரு கைப்பேசிக்குள் மட்டுமே இருக்கிறது. அது தொலைந்தால் விவரமும் தொலைந்துவிடும்.

ஆகவே ஜமாஅத்தார் சமூகத்திற்கு எளியேன் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு ஜனாஸாவும் அடக்கம் செய்யப்படும் அன்றே, மையவாடியிலிருந்து திரும்பியதும், இறந்தவர் பெயர், பெற்றோர் பெயர், ஹிஜ்ரி தேதி, ஆங்கிலத் தேதி, அடக்கப்பட்ட இடம் ஆகியன பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வெளியூரில் இறந்தோருக்கும் உடல் கிடைக்காதோருக்கும் தனிப் பக்கம் வேண்டும். பெண்களையும் கைக்குழந்தைகளையும் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, வெளிநாடு செல்லும் ஒவ்வொருவரும் புறப்படும் முன், தம் பணியிட விவரத்தையும் கடவுச்சீட்டின் நகலையும் மூடிய உறையில் ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படைத்துச் செல்ல வேண்டும். கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் வஸிய்யத்தும் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, இலங்கை வணிகக் காலத்துக் கடிதங்கள், கடைக் கணக்குகள், பழைய பயண ஆவணங்கள் எவரிடமேனும் இருப்பின், அவற்றைப் பழைய தாளுக்குப் போட்டுவிடாமல் நிர்வாகத்திடம் காட்டுங்கள். நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். அந்தத் தலைமுறையின் நினைவோடு பேசக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே எஞ்சியிருக்கின்றனர்.

இனி, அந்த அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். துஆவுக்குத் தேதி தேவையில்லை. எந்நாளில் கேட்டாலும் கேட்பவன் கேட்கிறான். இதை அவரிடம் சொன்னேன். ஆனால் ஒரு மகளுக்குத் தேதி தேவைப்படுகிறது என்பதையும் புரிந்துகொண்டேன். நிர்வாகத்தாரின் ஒப்புதலோடு, வெறுமையாகக் கிடந்த பக்கம் ஒன்றில் அவருடைய தந்தையின் பெயரையும் பாட்டனாரின் பெயரையும் எழுதினோம். கடைசியாகக் காணப்பட்ட இடம்: பாம்பன் ரயில் நிலையம். நாள்: 22.12.1964, செவ்வாய். அடக்கம் என்ற கட்டத்தில், பேரன் கேட்டுக்கொண்டபடி, 'கடல்' என்று எழுதினோம்.

அம்மையாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பேரன் அந்த வரியில் அவருடைய விரலை வைத்துக் காட்டினான். அவர் அந்த வரியை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, "இனி கதவைச் சாத்திக்கலாம்" என்றார்.

எல்லாம் வல்ல அல்லாஹ், தனுஷ்கோடியில் மறைந்த நம்மவர்களின் பிழைகளைப் பொறுத்து, அங்கே உற்றாரை இழந்த அனைவருக்கும் ஆறுதல் அளிப்பானாக. நம் ஜமாஅத்தில் எவருடைய பெயரும் எழுதப்படாமல் போகும் நிலை இனி நேராமல் காப்பானாக. ஆமீன்.